வட்ஸ்அப் தமிழ் பரீட்சைத் தாளைக் கெடுக்குமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகன் பத்தாம் தரம். நாள் முழுக்க வட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். போன தவணைத் தமிழ்ப் பரீட்சையில் எழுத்துப் பிழைக்கே நிறையப் புள்ளி போய்விட்டது. போனை வாங்கி வைத்தால் சரியாகுமா?"

வாங்கி வைக்க வேண்டாம், அம்மா. முதலில் போனிலுள்ள விசைப்பலகையை மாற்றுங்கள். ஏன் என்பதைச் சொல்லிவிட்டு, எப்படி என்பதற்கு வருகிறோம்.

குறுஞ்செய்தி மொழியைக் கெடுக்கிறதா என்று வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 12 வயது வரையான 88 பிரித்தானியப் பிள்ளைகளில் குறுஞ்செய்திச் சுருக்கெழுத்தை ('you' என்பதற்கு 'u' போல) கூடுதலாகப் பயன்படுத்தியவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை. மாறாக, நன்றாகவே வாசித்தார்கள். 2012இல் அமெரிக்காவில் சிங்கெல், சுந்தர் இருவரும் 228 மாணவர்களிடம் செய்த ஆய்வில், சுருக்கெழுத்து கூடியவர்களின் இலக்கணப் புள்ளி குறைவாக இருந்தது. இரண்டுமே தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, எது எதற்குக் காரணம் என்று நிறுவவில்லை. அதோடு இரண்டும் ஆங்கிலம் பற்றியவை. ஆங்கிலச் சொல்லைச் சுருக்கும் பிள்ளை பெரும்பாலும் அதன் ஒலியைக் காதால் பிரித்துப் பார்த்தே சுருக்குகிறது. உங்கள் மகன் செய்வது வேறு. அவர் தமிழ் எழுத்தையே விட்டுவிடுகிறார்.

அதில் தொலைவது என்ன என்று நம்முடைய ஊர்ப் பெயர்களிலேயே பார்க்கலாம். நிலாவெளியை ஆங்கில எழுத்தில் அடித்தால் ல, ள இரண்டுக்கும் ஒரே 'எல்'. லாவின் நெடிலும் காணாமல் போகிறது. கன்னியா வெந்நீரூற்றில் ன்ன, ந்ந இரண்டும் ஒரே இரட்டை 'என்'. பரீட்சையில் புள்ளி வெட்டப்படும் ல-ள-ழ, ந-ண-ன, ர-ற ஆகிய இடங்களில்தான் ஆங்கில எழுத்து வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இந்தப் பிழைகள் போனுக்கு முந்தியவை என்பதையும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ந, ன இரண்டையும் காதால் பிரிக்கவே முடியாது. ஆகவே 'வழி', 'வளி' எது என்று கண்ணும் கையும்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவு, சொல்லைத் தமிழ் எழுத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலும் எழுதுவதாலும் வருவது. நாள் முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் பாடசாலை நேரத்தோடு நின்றுவிடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் பெரியவர்களிடமும் உண்டு. பழைய போன்களில் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான். அந்தக் கட்டுப்பாடு வட்ஸ்அப்பில் இல்லை.

முதலில் பிழையை எண்ணுங்கள். மகனின் தமிழ்க் கட்டுரைக் கொப்பியில் கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் திருத்திய பிழைகளை வகை பிரியுங்கள்: எழுத்து மயக்கம் (ல-ள-ழ போன்றவை), குறில் நெடில், சந்தி, பேச்சு வழக்கு, ஆங்கிலச் சொல். போன் கைக்கு வருவதற்கு முந்திய கொப்பி இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். அப்போதும் இதே அளவு என்றால் பழியைப் போன் மேல் போட முடியாது. ஆனாலும் கீழே சொல்லும் பயிற்சி இரண்டுக்கும் பொருந்தும்.

அன்ட்ரொயிட் போனில் கூகுள் விசைப்பலகை இருந்தால், அதிலுள்ள பற்சக்கரப் படத்தை அழுத்தி, மொழிகள் பகுதியில் தமிழைச் சேருங்கள். பல விசை அமைப்புகளைக் காட்டும். விசைகளிலேயே தமிழ் எழுத்து இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருவது வேண்டாம். அது நாலைந்து சொல்லை வரிசையாகக் காட்டும், பிள்ளை முதலாவதைத் தொட்டுவிட்டுப் போகும், பலமா பழமா என்று யோசிக்கவே வேண்டியிராது. ஐபோனில் 'தமிழ் 99' அமைப்பு நல்லது. அதில் ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை. 'க'வை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்து விசைகளால் தமிழை அடிக்கும் 'அஞ்சல்' அமைப்பும் பரவாயில்லை, ஏனென்றால் ள, ழ ஒவ்வொன்றுக்கும் வேறு விசையைத் தெரிந்தே அழுத்த வேண்டும். சொற்பரிந்துரையை நிறுத்திவிடுங்கள்.

முதல் இரண்டு கிழமை வேகம் குறையும், மகனுக்கு எரிச்சல் வரும். அதனால் எல்லா இடத்திலும் கேட்காதீர்கள். குடும்பக் குழுவில் மட்டும் தமிழ் எழுத்து, நண்பர்களோடு விரும்பியபடி. நீங்களும் அப்பாவும் அப்படியே எழுத வேண்டும். மகன் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் பிழை பிடிக்காதீர்கள். பிடித்தால் குரல் பதிவுக்கு மாறிவிடுவார், அங்கே எழுத்தே இல்லை. வகுப்புக் குழுவில் வீட்டுவேலையைத் தமிழ் எழுத்தில் போடும்படி வகுப்பாசிரியரிடம் கேட்கலாம்.

கிழமைக்கு மூன்று நாள், பத்து நிமிடம் சொல்வதெழுதல் வையுங்கள். தனிச் சொல்லாகச் சொன்னால் பயனில்லை, பல சோடிகளில் ஒலி ஒன்றாகவே கேட்கும். வசனமாகச் சொல்லுங்கள்: "கரையில் கிடந்த படகில் கறை படிந்திருந்தது." மனம்-மணம், பனி-பணி, இரை-இறை, அரம்-அறம், கலை-களை என்று ஒவ்வொரு சோடிக்கும் இப்படி ஒரு வசனம் அமைக்கலாம். பிழைத்த சொல்லைப் பத்துத் தரம் எழுத வைப்பதைவிட, மூன்று புதிய வசனங்களில் எழுத வைப்பது மேல்; பத்துத் தரம் எழுதும்போது மூன்றாவது தரத்திலேயே மனம் வேறெங்கோ போய்விடும்.

பேச்சு வழக்குப் பிழைக்கு அவருடைய செய்திகளையே எடுங்கள். "மச்சான் காய்ச்சல் நாளைக்கு வரேலாது" என்பதை அதிபருக்கான கடிதமாக எழுதச் சொல்லுங்கள்: "காய்ச்சல் காரணமாக நாளை பாடசாலைக்குச் சமூகமளிக்க இயலாதுள்ளதை அறியத்தருகிறேன்." நான்காம் வேற்றுமை 'கு' உருபுக்குப் பின் வலி மிகும் என்ற விதியை 'பாடசாலைக்குச்' என்ற இடத்தில் அங்கேயே காட்டிவிடலாம். செய்தியில் எழுதியது தப்பென்று சொல்ல வேண்டாம். நண்பனுக்கு அப்படித்தான் எழுத வேண்டும். அதிபருக்கு வேறு மாதிரி.

ஒரு தவணை முடிய மறுபடி ஐந்து கட்டுரைகளை எண்ணுங்கள். எழுத்து மயக்கம் குறைந்து சந்திப்பிழை அப்படியே இருந்தால் வாசிப்புப் போதவில்லை. பொது நூலகத்திலிருந்து கிழமைக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்து, நாளுக்கு நாலு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். எதுவுமே குறையாமல், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் எழுத்து விடுபட்டு, வாசிக்கும்போது வரி தவறினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணில் குறையில்லை என்றால் வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.