மறுமொழி: அல்கலைன் பாஸ்பட்டேஸ், நொதியைக் கூட்டினால் கேஎம்மும் கூடுகிறது

நொதியின் அளவைக் கூட்டினால் கேஎம்மும் ஏன் கூடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். 5 மைக்ரோலிட்டருக்குப் பதில் 20 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்தால் விமேக்ஸ் (வினையின் உச்ச வேகம்) உயரலாம், கேஎம் (அந்த வேகத்தில் பாதியைத் தரும் மூலப்பொருள் செறிவு) நகரக் கூடாது. நொதியோடு ஏதோ ஒரு தடுப்பான் கூடவே வருகிறது. நொதிக்கு டயாலிசிஸ் (சவ்வு வழியே கரைசலை மாற்றுவது) பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, சந்தேகம் அங்கேதான். பாஸ்பேட் இந்த நொதியின் விளைபொருள். வினைமையத்தில் உள்ள துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டு போட்டித் தடுப்பானாக வேலை செய்யும், அதாவது மூலப்பொருளின் இடத்தைப் பிடித்துக் கேஎம்மை உயர்த்திக் காட்டும். பிபிஎஸ்ஸில் அது ஏறத்தாழ 10 மில்லிமோலார். 1 மில்லி கலவையில் 20 மைக்ரோலிட்டர் விட்டால் 0.2 மில்லிமோலார் ஆகிவிடும், சாதாரண அளவல்ல.

ட்ரிஸ் (பாஸ்பேட் இல்லாத தாங்கல் கரைசல்) 10 மில்லிமோலார், பிஎச் 8, மெக்னீசியம் குளோரைடு 1 மில்லிமோலார்: இதில் இருமுறை மாற்றி டயாலிசிஸ் செய்யுங்கள். இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) வேண்டாம், துத்தநாகத்தை உருவிவிடும். பிறகு இரண்டு நொதி அளவுகளிலும் கேஎம் ஒன்றாக வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் மிகக் குறைந்த மூலப்பொருள் செறிவு 20 மைக்ரோமோலார். அதில் 10% தீர்வதற்குள் வேகத்தை எடுக்க வேண்டும்; அதுவரை 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் மொத்த ஏற்றமே 0.036தான் (விளைபொருளின் ஒளி உறிஞ்சல் குணகம் 18,000). 5 நிமிடம் கழித்து ஒரே ஒரு அளவீடு எடுத்தால் அந்தப் புள்ளி பொய் சொல்லும். லைன்வீவர்-பர்க் கோடு (1/வேகம், 1/செறிவு வரைபடம்) அந்தப் புள்ளியைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். நேரடியாக வேகம்-செறிவு வளைவையே பொருத்துங்கள்.