மருத்துவ மாணவர்கள் செவிலிய, இயன்முறை (பிசியோதெரபி) மாணவர்களோடு சேர்ந்து கற்பது எதற்காக?

எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வெவ்வேறு துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும். ஒரே அரங்கில் உடற்கூறியல் விரிவுரை கேட்பதால் மட்டும் இது நடந்துவிடாது. சுவீடனின் லின்ஷோபிங் பல்கலைக்கழகம் 1986 முதலே இதைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது; 1990களில் பல துறை மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் சேர்ந்தே நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி வார்டும் அங்கே தொடங்கப்பட்டது.

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். காலையில் அவரை நடக்கவைக்க வரும் இயன்முறை மாணவர், வலி மாத்திரையைச் சற்று முன்னதாகவே கொடுக்கும்படி செவிலிய மாணவரிடம் பேசிவைக்காவிட்டால், வலி தாளாமல் அவர் கட்டிலைவிட்டு இறங்கவே மறுத்துவிடக்கூடும். எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறது என்றால், அதை முதலில் கவனித்துச் சொல்பவர் இயன்முறை மாணவர். இரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடிவிட்டதா என்று தன் ஆசிரியரோடு சேர்ந்து பார்க்க வேண்டியவர் மருத்துவ மாணவர். இப்படிக் கேட்டுப் பேசிச் செயல்படும் பழக்கம் பாடநூலைப் படித்து வருவதில்லை. இதை இறுதியாண்டுக்குத் தள்ளாமல், மற்றத் துறையினரைப் பற்றிய தவறான எண்ணங்கள் மனத்தில் இறுகுவதற்கு முன், முதலாண்டிலேயே தொடங்கி, மதிப்பெண்ணிலும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.