பயிருக்கு ஹார்மோன் எப்ப, எவ்வளவு? நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: அண்ணா, முருங்கை இலைச்சாறு அடிச்சா மகசூல் கூடும்னு சொல்றாங்க, நெசமா? எப்படி தயார் பண்றது?

பதில்: நெசம்தான் தம்பி. முருங்கைக் கொழுந்துல ஸியாட்டின்னு ஒரு ஹார்மோன் இருக்கு, சைட்டோகைனின் வகை. செல் பிரியறதை தூண்டுறதும் இலை சீக்கிரம் பழுக்காம பச்சையா நிக்க வைக்கறதும் அதோட வேலை, இலை பச்சையா நிக்கற வரைக்கும் காய்க்கும் மணிக்கும் சத்து போய்ட்டே இருக்கும்ல, அதுலதான் எடை கூடுது. முத்துன இலை வேண்டாம், இளங்கொழுந்தா பறிச்சு கொஞ்சமா தண்ணி தெளிச்சு அரைச்சு துணியில ரெண்டு தடவை வடிகட்டுங்க, இல்லன்னா நாசில் அடைச்சுக்கும். 1 பங்கு சாறுக்கு 30 பங்கு தண்ணி, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு சுமார் 330 மில்லி. அரைச்ச அன்னைக்கே, முடிஞ்சா 5 மணி நேரத்துக்குள்ள அடிச்சு முடிச்சிடணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு வைக்காதீங்க. பயிர் இளசா இருக்கும்போது ஒரு தடவை, பூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காய் பிடிக்கும்போது ஒரு தடவை போதும்.

கேள்வி: அப்ப டேங்குக்கு 1 லிட்டரா ஊத்துனா பலன் இன்னும் கூடுமா?

பதில்: கூடாது, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. ஹார்மோன் சாப்பாடு இல்ல, செடிக்கு போற உத்தரவு. ரொம்ப ரொம்ப கம்மி அளவுலதான் அது வேலை செய்யும். செடியை ஒசரமா வளக்கற ஜிப்ரலின்ங்கற ஹார்மோன் எப்படி தெரிய வந்துச்சுன்னு பாருங்க, ஜப்பான்காரங்க வயல்ல ஒரு பூஞ்சாண நோய் வந்து நெல் நாத்து வெளிறிப்போய் சரசரன்னு ஒசரமா வளந்து அப்படியே சாஞ்சிடும், மணியே பிடிக்காது. பூஞ்சாணம் விடற ஏதோ ஒரு பொருள்தான் இப்படி வளர்த்துவிடுதுன்னு 1926ல குரோசாவாங்கிற விஞ்ஞானி காட்டுனாரு, அதுதான் ஜிப்ரலின். பயிரை வளக்கற அதே பொருள்தான் அளவு மீறுனதும் அதை சாய்ச்சது. அதோட மண்ணுல தொழு உரமும் ஈரமும் இல்லாம எந்த ஹார்மோன் அடிச்சும் பிரயோஜனம் இல்ல, உத்தரவு போட்டா மட்டும் போதுமா, வேலை செய்ய சரக்கு வேணும்ல.

கேள்வி: ஐயா, மிளகாயில பூ நல்லா வருது, ஆனா பாதிக்கு மேல கொட்டிடுது. தேமோர் கரைசல் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம்மா, ஆனா மொதல்ல ஏன் கொட்டுதுன்னு பாருங்க. பூக்காம்புல ஆக்ஸின்ங்கற வளர்ச்சி ஹார்மோன் கொறைஞ்சு, பழுக்கவும் உதிரவும் வைக்கற எத்திலீன்ங்கற ஹார்மோன் கூடும்போது அந்த இடத்துல ஒரு பிரியற அடுக்கு உண்டாகி பூ விழுது. கடும் வெயில், தண்ணி காஞ்சு காஞ்சு விடறது, இலைப்பேன், யூரியா அதிகம் போட்டது, எது வந்தாலும் இதுதான் நடக்கும். இலையைத் திருப்பி பேன் இருக்கான்னு பாத்துட்டு, பாசனத்தை சீரா வைங்க. தேமோருக்கு புளிச்ச மோரும் தேங்காப்பாலும் சேத்து ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டி 10 லிட்டருக்கு 300 மில்லி, மொட்டு வைக்கும்போதே அடிக்கணும், கொட்ட ஆரம்பிச்சப்புறம் அடிச்சா லேட்டு. இயற்கை முறையிலதான் செய்யணும்னு இல்லன்னா வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற என்.ஏ.ஏங்கற செயற்கை ஆக்ஸின் இருக்கு, 10 பி.பி.எம் அளவுல, அதாவது லிட்டர் தண்ணிக்கு 10 மில்லிகிராம் என்.ஏ.ஏ, நட்ட 60ஆம் நாளும் 90ஆம் நாளும் அடிக்கணும்.

கேள்வி: செடிமுருங்கை ஒத்தைக் குச்சியா மேல போய்ட்டே இருக்கு, கிளை பிரிய என்ன மருந்து?

பதில்: மருந்தே வேண்டாம், நகமே போதும். நுனிக்குருத்துல உண்டாகற ஆக்ஸின்தான் கீழ இறங்கி பக்க மொட்டுகளை அடக்கி வச்சிருக்கு. செடி முக்கால் மீட்டர் ஒசரம் வந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க, பக்கக்கிளை தானா வெடிக்கும். கால் காசு செலவில்லாத ஹார்மோன் வைத்தியம் இது, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். செண்டுமல்லிக்கும் இதேதான்.

கேள்வி: மானாவாரி உளுந்து, மழை ஏமாத்திடுச்சு, வாடுது. எதுவும் செய்ய முடியுமா?

பதில்: வாடும்போது செடியே அப்சிசிக் அமிலம்ங்கற ஹார்மோனை உண்டாக்கி இலைத்துளையை மூடிக்கும், தண்ணி மிச்சமாகும் ஆனா வளர்ச்சி நின்னுடும். பி.பி.எஃப்.எம்னு ஒரு திரவ பாக்டீரியா கிடைக்குது, இலை மேல வாழ்ந்துகிட்டே சைட்டோகைனினும் ஆக்ஸினும் கொடுக்கற நுண்ணுயிர். 10 லிட்டருக்கு 100 மில்லி, சாயங்காலமா தெளிங்க. பூச்சிமருந்து கலந்த டேங்குல ஊத்திடாதீங்க, செத்துப்போயிடும். பயிர் முழுசா காயறதுக்கு முன்னாடி அடிச்சாதான் தாக்குப்பிடிக்கும், அதனால இந்த வாரமே பண்ணிடுங்க.