வரி கட்டினால்தான் பணம் வெளியே வருமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை எங்களுடையது. என் கொழுந்தன் ஒரு வாட்ஸ்அப் குரூப் மூலமாகக் கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) வெப்சைட் ஒன்றில் சேர்ந்தார். தினமும் ஒன்றரை சதவீதம் லாபம் என்றார்கள். முதலில் 5,000 ரூபாய் போட்டார். பத்து நாளில் 5,800 ரூபாயாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்து என் கணவர் சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சத்தைப் போட்டார். மூன்று மாதத்தில் ஆறரை லட்சம் என்று காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபத்துக்கு 30 சதவீத வரியாக ஒன்றரை லட்சத்தை முதலில் கட்டச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடங்கிவிடுமாம். என் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். வெப்சைட்டில் பூட்டுப் படம் இருக்கிறது, லண்டன் கம்பெனி சர்டிபிகேட்டும் இருக்கிறது. இது உண்மையா, போலியா? எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நகையை எடுக்காதீர்கள். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அது போலி வெப்சைட்தான். இதழ் அச்சாகிக் கடைக்கு வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன். இதே வலையில் கால் வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிக் கதை. உங்கள் கணவர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை. 2022 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் ‘ஆமாம், முப்பது சதவீதம்தான்’ என்பார்கள். மோசடிக்காரனுக்கு அது போதும். மீதிப் பாதியில்தான் பொய் இருக்கிறது. அந்த வரியை நீங்கள் உங்கள் பான் எண்ணில், வருமான வரித் துறைக்கு, நீங்களே கட்டுவீர்கள். ஒரு வெப்சைட்டிடம் கொடுத்து, அது உங்களுக்காகக் கட்டும் ஏற்பாடே கிடையாது. முறையான எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தை, வருமான வரிக்காகப் பிடிப்பது 2022 ஜூலையில் வந்த ஒரு சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) மட்டும்தான். அதையும் நீங்கள் விற்ற தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும், தனியாகக் கொண்டு வா என்று கேட்காது. பிடித்த தொகை வருமான வரி வெப்சைட்டில் உங்கள் பெயரில் உள்ள வரிப் பதிவில் தெரியும். உண்மையிலேயே ஆறரை லட்சம் அங்கே இருந்தால், அதிலிருந்து ஒன்றரை லட்சத்தைக் கழித்துக்கொண்டு ஐந்து லட்சத்தைக் கொடுக்க வேண்டியதுதானே? இந்தக் கேள்வியைக் கணவரை அந்தக் குரூப்பில் கேட்கச் சொன்னேன். ‘கம்பெனி ரூல்ஸ்’ என்று பதில் வந்ததாகச் சொன்னீர்கள். கழிக்க முடியாததற்குக் காரணம், அங்கே கழிக்கப் பணமே இல்லை. திரையில் இருப்பது அவர்கள் தட்டச்சு செய்த எண். ஒன்றரை லட்சத்தைக் கட்டியிருந்தால், அடுத்து ‘கணக்குச் சரிபார்ப்புக் கட்டணம்’, அதற்கடுத்து ‘கறுப்புப் பணத் தடுப்பு டெபாசிட்’ என்று கேட்டுக்கொண்டே போயிருப்பார்கள்.

‘முதலில் 5,800 திரும்பி வந்ததே’ என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். உங்கள் வீட்டையே நம்பவைத்தது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பட்டறைக்கு வெள்ளிக்கட்டி வாங்கும்போது டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்காமல் வாங்க மாட்டீர்கள். டச் பார்க்கத் துண்டை யார் வெட்டி எடுப்பது? நீங்கள். விற்கிறவன் தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டி, ‘இதை டச் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா? அந்த 5,800 அவன் பையிலிருந்து வந்த துண்டு. எண்ணூறு ரூபாயைக் கூடக் கொடுத்து ஒன்றரை லட்சத்தை வாங்கியிருக்கிறான். அதுவும் அவன் பணம் இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், அந்த 5,800 எந்தக் கம்பெனியிடமிருந்தும் வரவில்லை. யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் அவரும் உங்களைப் போல ஏமாந்தவராகவோ, கணக்கை வாடகைக்கு விட்டவராகவோ இருப்பார். அவர் தரப்பில் யாராவது புகார் கொடுத்தால், அந்தப் பணம் வந்து சேர்ந்த உங்கள் கொழுந்தனின் கணக்கையும் வங்கி முடக்கலாம். அதனால் புகாரில் அந்த 5,800 வரவையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தினமும் ஒன்றரை சதவீதம் என்றார்களே, அதைக் கணவரிடம் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லாபத்தை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் இரண்டே கால் கோடியைத் தாண்டும். இரண்டாவது வருட முடிவில் ஐந்நூறு கோடிக்கு மேல். இப்படிப் பெருக்கத் தெரிந்தவன் எதற்காக உங்கள் சீட்டுப் பணத்தைக் கேட்கிறான்? நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் 2012-ல் தெருவில் நின்றதைச் சேலத்தில் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயும் முதல் சில மாதங்கள் பணம் சரியாகத்தான் வந்தது. அன்றைக்குப் போய்ப் பார்க்க ஒரு கோழியாவது இருந்தது.

சரி, வெப்சைட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய விலாசத்தைத் திறந்து பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. மூலையில் ‘இப்போதுதான் ஒருவர் 48,000 ரூபாய் எடுத்தார்’ என்று சில நொடிகளுக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது. பக்கத்தை மூடித் திறந்தேன். அதே பெயர்கள், அதே தொகைகள், அதே வரிசையில் மறுபடியும் வந்தன. ‘2016 முதல் உங்கள் நம்பிக்கை’ என்று மேலே எழுதியிருக்கிறது. ஐகான் என்ற அமைப்பின் லுக்அப் பக்கத்தில் எந்த வெப்சைட் பெயரையும் கொடுத்து, அது என்றைக்குப் பதிவானது என்று இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வெப்சைட் பதிவாகி நான்கு மாதம்தான் ஆகிறது. இந்த ஒன்றை மட்டும் முதல் நாளே பார்த்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடச் செய்யும். பெயர் பழையது என்பதற்காக உடனே நம்பிவிடவும் வேண்டாம், பழைய பெயரை விலைக்கு வாங்கியும் நடத்துகிறார்கள். ஆனால் வயதைப் பற்றியே பொய் சொல்கிற இடத்தில் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

அப்புறம் அந்த விலாசம். ஒரு பிரபல எக்ஸ்சேஞ்சின் பெயர் முன்னால் இருக்கிறது, புள்ளி வைத்துப் பின்னால் வேறு ஏதோ சொல். வெப் விலாசத்தைப் படிக்கும் முறை இதுதான்: ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் பகுதியை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். டாட் காம், டாட் இன் போன்ற ஈறும், அதை ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லும்தான் உண்மையான முகவரி. அதற்கும் முன்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தாம்பரத்தில் நிற்கும் வண்டியில் ‘சேலத்து மாம்பழம்’ என்று போர்டு எழுதிவிட்டால் வண்டி சேலத்துக்கு வந்துவிடாது. இன்னும் நுணுக்கமாக, ஆங்கில ‘ஏ’ போலவே கண்ணுக்குத் தெரியும் ரஷ்ய எழுத்தைப் போட்டும் பெயர் வாங்குகிறார்கள், அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால்தான் யாரோ அனுப்பிய லிங்கைத் தொட்டு எந்தப் பண வெப்சைட்டுக்குள்ளும் போகாதீர்கள் என்கிறேன். கூகுளில் தேடினாலும் மேலே ‘விளம்பரம்’ என்று வருவதைத் தொடாதீர்கள்; காசு கொடுத்து அந்த இடத்தைப் போலிகளும் பிடித்திருக்கிறார்கள். பிளே ஸ்டோரில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக வரும் ஆப்பும் அப்படித்தான்.

பூட்டுப் படம்? உங்கள் போனுக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. லண்டன் சர்டிபிகேட்டும் இதே கதை. பிரிட்டனில் சொற்பக் கட்டணத்தில் யாரும் ஒரு கம்பெனியைப் பதிவு செய்யலாம். கம்பெனி என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, மக்களிடம் பணம் வாங்க அனுமதி உண்டு என்பதற்கு அல்ல.

நம் நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2023 மார்ச் முதல் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள எஃப்ஐயூ இந்தியா என்ற நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான இடம் பான் கேட்கும், கேஒய்சி (உங்கள் அடையாளச் சான்று) கேட்கும். உங்கள் கொழுந்தனிடம் பான் எண்ணையே கேட்கவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களின் யுபிஐ எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே நின்றிருக்க வேண்டும். பதிவு இருந்தால் பணம் பத்திரம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு கிரிப்டோவுக்குக் கிடையாது. பட்டறைக்கு வெள்ளி வாங்க வைத்திருக்கும் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ அதில் போடுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொழுந்தனிடம் ஒன்று கேளுங்கள். டிரஸ்ட் வாலட், மெட்டாமாஸ்க் போன்ற ஆப்பில் அவருக்குச் சொந்த வாலட் (கிரிப்டோவை வைக்கும் டிஜிட்டல் பணப்பை) இருந்தால், அதைத் திறக்கும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை அந்த வெப்சைட்டில் எங்காவது அடித்தாரா? அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் கையில் வாலட் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுவதுபோல் மாற்ற முடியாது. அடித்திருந்தால், புதிதாக வாலட் தொடங்கி மிச்சம் இருப்பதை இன்றே அதற்கு மாற்றிவிட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. குரூப்பை விட்டு வெளியே வருவதற்கு முன், அங்கே சண்டை போடுவதற்கு முன், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: வெப்சைட் விலாசம், கணக்குப் பக்கம், குரூப் பேச்சு, அவர்கள் போன் எண்கள், நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் உள்ள யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்), தேதி. எதையும் அழிக்காதீர்கள். பிறகு 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் வெப்சைட்டில் புகார் பதியுங்கள். சேலம் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, புகார் எண்ணோடு நேரிலும் போங்கள். உங்கள் வங்கிக் கிளையிலும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பணம் போன கணக்கில் இன்னும் மிச்சம் இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். கிரிப்டோவாக மாற்றி அனுப்பிவிட்டால் வங்கிப் பரிமாற்றத்தைப்போலப் பாதியில் நிறுத்த முடியாது. மூன்று மாதம் ஆகிவிட்டதால் முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க முடியவில்லை, சகோதரி. அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள்.

இன்னும் சில நாளில் ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பத்தாயிரம் முன்பணம் கட்டுங்கள்’ என்று வேறொரு குரல் கூப்பிடும். வக்கீல் என்பான், சைபர் நிபுணர் என்பான், போலீஸ் அதிகாரி என்றுகூடச் சொல்வான். ஏமாந்தவர்களின் எண்களைப் பட்டியலாக விற்கிறார்கள். பல நேரம் அதே கும்பல்தான் பேசும். புகாருக்கு அரசாங்கம் பணம் வாங்குவதில்லை.

கொழுந்தன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்றீர்கள். அவரைத் திட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இதற்கென்றே ஆள் வைத்து, மணிக்கணக்கில் பேசி, குழந்தையின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பி நம்பவைக்கிறார்கள். படித்தவர்களும் வங்கியில் வேலை பார்த்தவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மூடி வைத்த வீடுகளில்தான் நகையும் போயிருக்கிறது.

அவர் வழியாகப் பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேரும் பத்தாயிரம், இருபதாயிரம் என்று போட்டிருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் இன்று ராத்திரியே கொழுந்தன் நேரில் போய்ச் சொல்லட்டும். அவர்களுக்கும் வரி கட்டச் சொல்லிச் செய்தி வந்திருக்கும். யுடிஆர் எண்களை எழுதி வாங்கிக்கொண்டு, நாளைக் காலையில் காவல் நிலையத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.