ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லவில்லை, பணம் எப்படிப் போனது?

(பதிலளிப்பவர்: பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர்)

ஐயா, என் அப்பாவின் வாட்ஸ்அப்புக்குச் சித்தப்பாவின் எண்ணிலிருந்து 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு வந்தது. திறந்து பார்த்தார், அழைப்பிதழ் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கணக்கில் பணம் இல்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லவில்லை என்று அப்பா சத்தியம் செய்கிறார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.
- வாசகி, திண்டுக்கல்

முதலில் அப்பாவை நம்புங்கள். அவர் சொல்லியிருக்க மாட்டார், அவருடைய போன் சொல்லியிருக்கும்.

அந்தக் கோப்பின் பெயர் எந்த எழுத்துகளில் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏ.பி.கே. என்று இருக்கும். அழைப்பிதழ் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், இப்போது நாதஸ்வரத்தோடு வீடியோவாகவும் வருகிறது. ஏ.பி.கே. என்றால் அது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. கல்யாணப் பத்திரிகைக்குச் செயலி எதற்கு?

அதைத் தொட்டதும், முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா என்று போன் கேட்கும். யாருக்குக் கல்யாணம் என்று பார்க்கும் அவசரத்தில் சம்மதித்துவிடுகிறோம். அடுத்து அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி என்று அழுத்திவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அப்பா கண்ணில் படுவதற்குள் திருடனிடம் போய்ச் சேர்ந்துவிடும். சில செயலிகள் பெயர், கார்டு எண் கேட்டுப் படிவமும் காட்டும். சித்தப்பாவிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் இப்படித்தான் மாட்டியிருப்பார், அவருடைய வாட்ஸ்அப்பைக் கைப்பற்றியவர்கள்தான் உறவினர்களுக்கெல்லாம் பத்திரிகை வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் புகார் போய்விட்டால் நடுவில் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், அவர் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ஆகவே கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்க வேண்டாம். போனை ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் போன் போல ஆக்குவது) செய்யாமல் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ரீசெட் செய்யும் முன், வந்த செய்தியை வேறு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்கும்.

ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதாரை அனுப்பி பிரின்ட் எடுக்கிறேன். உடனே 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்துவிடுகிறேன். போதுமல்லவா?
- வாசகர், காரைக்குடி

போதாது. நீங்கள் நீக்குவது உரையாடலில் இருப்பதை. பிரின்ட் போடுவதற்காகக் கடைக்காரர் இறக்கிய பிரதி டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். எங்கள் சென்டரில் மாலைக்குள் பாதி ஊரின் ஆதார் அங்கே சேர்ந்துவிடுகிறது. கடை அடைக்கும் முன் நான் அழித்துவிடுகிறேன், எல்லாக் கடைகளிலும் அழிப்பார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. நின்று, உங்கள் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். அழித்த கோப்புகள் போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாஸ்வேர்டு போட்ட இ-ஆதார்தானே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும் என்பது எங்களைப் போன்ற கடைக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். முழு எண் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி வைக்கிறேன். மாதாமாதம் மாற்ற வேண்டும், எழுதவே கூடாது என்று மகன் திட்டுகிறான்.
- ஓய்வு பெற்ற ஆசிரியை, சாத்தூர்

எழுதுங்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் ஆபத்து. மகன் அப்படித்தான் வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே 2017இல் சொல்லிவிட்டது. வெளியே கசிந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஏ.டி.எம்., யு.பி.ஐ. பின் எண்கள் மட்டும் அந்த நோட்டில் வேண்டாம். ஜிமெயில் பாஸ்வேர்டை வேறு எந்தக் கணக்குக்கும் வைக்காதீர்கள். மற்றக் கணக்குகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், புதிதாக மாற்றுவதற்கான இணைப்பு அங்கேதான் வந்து விழும்.