செய்த வேலையிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேடம், எலக்ட்ரானிக் சிட்டியில் சப்போர்ட் டீமுக்கு டிரெய்னிங் கொடுக்கிறேன். தினமும் கடைசிக் கால் மணி நேரம் அன்று கற்றதை எழுதச் சொன்னால், "அதற்குள் இன்னும் ரெண்டு டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்) முடிக்கலாமே" என்கிறார் மேனேஜர்.

பதில்: நம்ம ஊரிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது, அதைக் காட்டுங்கள். பெங்களூர் விப்ரோவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிரிவினர், பயிற்சியின் 6ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரை தினமும் கடைசி 15 நிமிடம் அன்று கற்றதை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அந்த நேரத்திலும் வேலையையே தொடர்ந்தார்கள். இறுதித் தேர்வில் எழுதியவர்கள் 22.8 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் அது புதியவர்களிடம் கிடைத்த கணக்கு. சீனியர்களுக்கும் இதே அளவு பலன் வரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எழுதுகிறார்கள், ஆனால் "இன்று 12 டிக்கெட் முடித்தேன்" என்றே எழுதுகிறார்கள்.

பதில்: அது வேலைக் கணக்கு. ஒரே ஒரு சம்பவத்தை எடுக்கச் சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, வித்தியாசம் எதனால், அடுத்த முறை எதை மாற்றிப் பார்ப்பேன் என்று நாலு வரி போதும். முதல் வரியை வேலையில் கை வைக்கும் முன்பே எழுத வேண்டும். முடிந்தபின் எழுதினால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு கதையை மாற்றிக்கொள்ளும். நாலாவது வரியில் "இனி கவனமாக இருப்பேன்" என்று வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கவனத்தை யாரும் அளந்து பார்க்க முடியாது.

கேள்வி: பீன்யா தொழிற்பேட்டையில் சிஎன்சி ஷாப் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்கள்), நான் சூப்பர்வைசர். ஆபரேட்டர் ஓகே செய்த அலுமினிய பீஸ் இன்ஸ்பெக்ஷனில் ரிஜெக்ட் ஆகிறது. இவர்களுக்கு எழுதும் பழக்கமே இல்லை.

பதில்: எழுத வேண்டாம் சார், ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் மெஷின் பக்கத்தில் நின்று பேசட்டும். அளந்த நேரம், ரீடிங், கொடுத்த ஆஃப்செட் (மெஷினில் செய்யும் அளவுத் திருத்தம்) மட்டும் போர்டில் இருக்கட்டும். உங்கள் பிரச்சினையையே எடுங்கள். 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற அளவு வரம்பு என்றால் 25.000 முதல் 25.021 மி.மீ. வரை ஓகே. மெஷினிலிருந்து எடுத்த சூட்டில் 25.004 காட்டும் பீஸ், 10 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 6 மைக்ரான் (0.006 மி.மீ.) சுருங்கி 24.998 ஆகிவிடும், துளையைச் சோதிக்கும் கோ கேஜ் உள்ளே போகாது. அளந்த நேரம் போர்டில் இருந்தால் இது கண்ணில் படும். இல்லாவிட்டால் இன்சர்ட்டையும் (வெட்டும் முனை) ஆஃப்செட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள், எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்.

கேள்வி: சர்வர் விழுந்தபின் நடக்கும் ரிவ்யூவில் யாரும் வாய் திறப்பதில்லை.

பதில்: "ஏன் அப்படிச் செய்தே?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "அந்த நிமிடம் உன் ஸ்கிரீனில் என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். லாக் (சிஸ்டம் தானே பதியும் பதிவு) பார்த்து நேரவரிசையை முதலில் போடுங்கள், காரணம் பிறகு. ஜூனியர் முதலில் பேசட்டும், மேனேஜர் கடைசியில். ரிவ்யூவில் சொன்னதை அப்ரைசலில் (வருடாந்திர வேலை மதிப்பீடு) தொடவே கூடாது. ஒருமுறை தொட்டாலும் அடுத்த ரிவ்யூவில் உண்மை வராது.

கேள்வி: அக்கா, நான் நர்ஸ். நோட்டில் கேஸ் விவரம் எழுதலாமா?

பதில்: பெயர், படுக்கை எண், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எதுவும் வேண்டாம்மா. நீ என்ன கவனித்தாய், என்ன முடிவெடுத்தாய் என்பதை மட்டும் எழுது.