முழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இதுதான் அமுக்குவான் பேயா?

எனக்கு முதல் தடவை வந்தது 23 வயதில். இரவு ஷிப்டு முடித்து வந்து, மேன்ஷன் அறையில் காலை பத்து மணிக்கு மல்லாந்து படுத்தவன், எப்போதோ கண் திறந்தேன். மின்விசிறி சுற்றுகிறது. கொடியில் தொங்கும் சட்டை தெரிகிறது. கீழே டீக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவதுகூடக் கேட்கிறது. ஆனால் ஒரு விரலையும் அசைக்க முடியவில்லை. கதவுப் பக்கம் ஆள் நிற்கிறது என்று தெரிந்தது. கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்தது. அப்புறம் நெஞ்சில் பாரம். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த டீக்கடையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் அப்பத்தாவிடம் சொன்னபோது, "அமுக்குவான்டா அது, தலமாட்டுல இரும்பு வச்சுக்கிட்டுப் படு" என்று தன் பழைய பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தது. அது தலையணைக்கடியில் இருந்தபோதே இரண்டு தடவை வந்தது என்பதை அப்பத்தாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இதற்கு உறக்க வாதம் என்று பெயர். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு உறக்க ஆய்வாளர்கள், தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் உண்டு என்று கண்டார்கள். ரெம் உறக்கம் என்கிறோமே, அது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடினால் நிஜக் காலும் ஓடிவிடக் கூடாதே? அதனால் மூளைத்தண்டு, தசைகளுக்குப் போகும் நரம்புகளை அடக்கி வைக்கிறது. பிரான்சில் மிஷெல் ஜுவே என்ற உறக்க ஆய்வாளர், பூனைகளின் மூளைத்தண்டில் இந்தப் பூட்டுக்குக் காரணமான இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, எதிரில் இல்லாத எதன் மீதோ பாய்ந்தன.

நமக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். நினைவு திரும்பிவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. கனவும் முழுசாகக் கலையவில்லை. அதனால் நிஜ அறைக்குள்ளேயே கனவின் ஆள் வந்து நிற்கிறது. ரெம் நேரத்தில் மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதியான அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கும், அதனால்தான் வருகிற ஆள் பெரும்பாலும் கெட்ட ஆளாகவே இருக்கிறது. நெஞ்சுப் பாரமும் அப்படித்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விலாத் தசைகள் தளர்ந்திருப்பதால், நாமாக இழுத்து மூச்சு விடப் பார்த்தால் நடக்காது. அந்த இயலாமைதான் பாரமாகத் தெரிகிறது.

இது நம் ஊர்ப் பேய் மட்டும் இல்லை. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறுவது ஒரு கிழவி. ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர், உலோகத்தால் கட்டிப்போட்டது என்று அர்த்தம். நாம் இரும்பை வைத்து விரட்டுகிறோம், அங்கே அதுவே கட்டிப்போடுகிறது. எந்த ஊரிலும் உடம்புக்கு நடப்பது ஒன்றுதான், வந்து உட்காரும் ஆள்தான் மாறுகிறது.

சரி, என்ன செய்வது? மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும்தான் இதை அதிகம் கூப்பிடும். நான் ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன், பகல் ஷிப்டுக்கு மாறினேன், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வந்துவிட்டால் எழ முட்டி மோதாதீர்கள், பயம்தான் கூடும். கண்ணை உருட்ட முடியும், அதற்குப் பூட்டு இல்லை. நான் கண்ணை இடம் வலமாக ஓட்டியபடி, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பேன். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விட்டுவிடும்.

அடிக்கடி வந்தாலோ, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினாலோ, பலமாகச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழப்போனாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது நார்கோலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.